கையில் பிடிக்க ஒரு பூ

கொல்லையில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், ஒரு தகர வாளி நிறையச் சம்பங்கி நின்றது. அன்று வியாழக்கிழமை. காலையில் எனக்குச் சர்ச்சில் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. மாப்பிள்ளை ஊர் வந்து சேரவில்லை.

நான் வாளிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் தாயார் முகம் கழுவக் கொல்லைக்கு வந்தவர், நிலைப்படியிலேயே நின்றார். முந்தானையை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் கழுவாமலே உள்ளே திரும்பிப் போய்விட்டார்.

மகன் வராத கோபத்தை என் பூவின் மேல் காட்டுகிறார் என்று நினைத்தேன். என்னை ராசியில்லாதவள் என்று நினைக்கிறாரோ என்றும் தோன்றியது. எங்கள் சபையில் ராசி, சகுனம் எல்லாம் பேசக்கூடாது. பேசமாட்டார்கள். நினைப்பார்கள்.

நிச்சயதார்த்தத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைப் படிக்காதவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன். நான் மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. மாப்பிள்ளை ஜெயசீலன் பெரியகுளத்துக்காரர், பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அவருக்கு வேலை அசாமுக்கும் பர்மாவுக்கும் நடுவில் எங்கேயோ. எங்கே என்று எழுதக்கூட அவர்களுக்கு அனுமதி கிடையாது. முந்தின லீவில் வந்தபோது நிச்சயம் ஆகி, இந்த லீவுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். தாலி ஏறும்வரை இந்தப் பக்கங்களில் அவரைப் பெயர் சொல்லித்தான் எழுதப் போகிறேன். அதற்குப் பிறகு ஆயுசு முழுக்க 'அவர்' தானே.

மூன்று மாதிரி

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது எங்கள் பள்ளித் தலைமையாசிரியை என்னைத் தன் பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். அமெரிக்காக்காரர். துரைசானி அம்மா என்போம். பள்ளியில் வேலை பார்க்கும் பெண் யாருக்குக் கல்யாணம் என்றாலும், கையில் பிடிக்கும் பூங்கொத்தைத் தன் தோட்டத்துப் பூவில் தானே கட்டிக் கொடுப்பது அவர் வழக்கம். மேசைமேல் பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றை விரித்து வைத்தார். அதில் மூன்று மணப்பெண்கள் இருந்தார்கள்.

ஒருத்தி கையிலிருந்து பூவும் கொடியுமாக முழங்கால்வரை அருவி மாதிரி இறங்கியது. அதற்கு ஷவர் பொக்கே என்று பெயராம். இன்னொருத்தி உருண்டையாக நெருக்கிக் கட்டிய செண்டு வைத்திருந்தாள். மூன்றாமவள் பூவைக் கட்டவே இல்லை. நீளக் காம்புப் பூக்களை அப்படியே அள்ளி, பிள்ளையை ஏந்துகிற மாதிரி இடது கையில் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் பிரியமானதைத் தெரிந்துகொள்" என்றார் துரைசானி அம்மா. தேர்ந்தெடு என்பதை அப்படிச் சொன்னார். அவர் தமிழ் வேதாகமத்தில் படித்த தமிழ்.

எனக்கு யோசனையே இல்லை. அருவியைத் தொட்டுக் காட்டினேன்.

அதற்குக் காரணம் என் சிநேகிதி ரெபேக்காள். அவள் கல்யாணத்தில் அந்த மாதிரிதான் பிடித்துக்கொண்டு வந்தாள். வெள்ளை ரோஜாவும், நூல் மாதிரி மெல்லிய பச்சைக் கொடியும் நடக்க நடக்க அசைந்துகொண்டே வந்தன. முன்னால் பூத் தூவிக்கொண்டு போன குழந்தை பாதியில் பயந்து நின்றுவிட, ரெபேக்காள் அதன்மேல் இடித்து, கொடி குழந்தையின் கால் கொலுசில் மாட்டிக்கொண்டது. ஒருவர் குனிந்து கொலுசைக் கழற்றினார், ஒருவர் கொடியை அறுத்தார். ஆனாலும் என் மனதில் நின்றது அந்த அசைவுதான். நானும் அப்படி நடக்க வேண்டும் என்று ஆசை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அலங்காநல்லூர்ப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். பொக்கே என்ற வார்த்தை அவள் வாயில் கடைசிவரை பொக்கை என்றுதான் வந்தது.

"பொக்கை அம்புட்டு நீளமாத் தொங்குனா நடக்கயில காலு தட்டாதாடி?"

"பொக்கை இல்லம்மா. பொக்கே."

"எதுவா இருந்தா என்ன. தலையில வச்சாலாவது பின்னால வாரவுகளுக்கு வாசம் தெரியும். கையில பிடிச்சுக்கிட்டு என்ன செய்யிறது?"

கல்யாணத்துக்கு வெள்ளைச் சேலை என்பதையே அலங்காநல்லூரில் தன் அண்ணன்மாரிடம் எப்படிச் சொல்வது என்ற கவலை அவளுக்கு இருந்தது. பூ அதற்குப் பிறகுதான்.

தந்தி

கல்கத்தாவிலிருந்து தந்தி வந்தது. புறப்பட்டுவிட்டேன் என்று மட்டும் இருந்தது. அப்பா ரயில் கணக்கெல்லாம் போட்டுப் பார்த்து, திங்களோ செவ்வாயோ வந்துவிடுவார், வியாழக்கிழமை கல்யாணத்துக்குத் தாராளமாக இருக்கிறது என்றார். பெரியகுளத்திலிருந்து அத்தை, அதாவது ஜெயசீலனின் தாயார், முன்கூட்டியே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் கணவர் இறந்து வெகு காலம் ஆகியிருந்தது. ஒரே பிள்ளை.

திங்கள் போனது. செவ்வாய் போனது. ஜெயசீலன் வரவில்லை. மறு தந்தியும் இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் போதகர் வீட்டுக்கு வந்தார். அடுத்த புதன் சாம்பல் புதன். அன்று லெந்து நாட்கள், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், தொடங்கிவிடும். ஈஸ்டர் முடியும்வரை எங்கள் சபையில் கல்யாணம் செய்துவைக்கமாட்டார்கள். அதற்குள் ஜெயசீலனின் லீவு தீர்ந்து, திரும்பப் பட்டாளத்துக்குப் போயிருப்பார். அடுத்த லீவு எப்போது என்பது யாருக்கும் தெரியாது. அடுத்த லீவு என்று ஒன்று வருமா என்பதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

"அடுத்த செவ்வாய்க்கிழமை பொழுது சாயுறதுக்குள்ள பையன் எந்நேரம் வந்தாலும் சரி. எனக்கு ஆள் அனுப்புங்க, வாரேன்" என்றார் போதகர்.

துரைசானி அம்மாவிடம் போய் விவரம் சொன்னேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். அருவியை விடியற்காலையில் கட்ட வேண்டும், மதியத்துக்குள் கல்யாணம் முடிய வேண்டும், அதற்குமேல் கொடி துவண்டுவிடும். எந்த நாள் என்று முந்தின நாளே தெரியாமல் கட்ட முடியாது. எனக்கு எந்த நாள் என்றே தெரியவில்லையே.

என் அக்கா எஸ்தர்தான் வழி சொன்னாள். "சம்பங்கி வாங்கிருவோம். காம்போட தண்ணியில வச்சா நாள்கணக்கா நிக்கும். அவரு வந்த உடனே எடுத்துத் தொடைச்சுக் கையில சாச்சுக்கிட்டுப் போயிரலாம். நீ சொன்னியே, அந்த மூணாவது படத்துல இருக்கிறவ மாதிரி."

நல்ல யோசனைதான். மல்லிகைக்கும் அது காலம் இல்லை. ஆனாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. அருவியை விட்டுவிட்டுச் சம்பங்கி என்று சொன்னால், அவர் வரத் தாமதமாகும் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சரி என்று சொல்லிவிட்டுச் சமையற்கட்டுக்குப் போய் விறகடுப்புப் புகையில் நின்று அழுதேன். புகையில் அழுதால் யாரும் கேட்கமாட்டார்கள்.

கீழிருந்து மேலே

சம்பங்கியைக் காம்போடு வைத்துப் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. ஒரே நாளில் எல்லாம் பூக்காது. கீழே உள்ள மொட்டு முதலில் விரியும். அது வாடும்போது அதற்கு மேலே உள்ளது விரியும். இப்படியே நுனிவரை போகும். எஸ்தர் அக்கா காலையும் மாலையும் வாடிய பூக்களைக் கிள்ளி எறிவாள். நான் மேலே இன்னும் எத்தனை மொட்டு இருக்கிறது என்று பார்ப்பேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பேன்.

அப்பா ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டேஷனுக்குப் போனார். போகும்போது வேகமாகப் போவார். வரும்போது தெருமுனையிலேயே நடை சொல்லிவிடும். பட்டாளத்து ஸ்பெஷல் ரயில்கள் போன பிறகுதான் மற்ற வண்டிகளை விட்டார்கள். எந்த வண்டி எப்போது வரும் என்பது ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியவில்லை. கல்கத்தாவில் குண்டு விழுந்தது என்று ஒருவர் சொன்னார். அது பழைய சங்கதி என்று இன்னொருவர் சொன்னார். வழியில் பாலம் போய்விட்டது என்று மூன்றாமவர். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்து எங்களிடம் ஒன்றையும் சொல்லமாட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

அம்மா தினமும் மாப்பிள்ளைக்கும் சேர்த்துச் சமைத்தாள். மிஞ்சியதைச் சுண்ட வைத்தாள். அத்தை இரண்டு வாய் சாப்பிட்டு எழுந்துவிடுவார். படுக்கையையும் பின்னறையிலிருந்து தெருப்பக்க அறைக்கு மாற்றிக்கொண்டார். கொல்லைப் பக்கம் வருவதே இல்லை. அம்மாவுக்கு மனத்தாங்கல்.

"நம்ம வீட்டுச் சோறு அவுகளுக்கு ஆகலை போல" என்றாள் என்னிடம், மெதுவாக.

எனக்கு வேறு பயம். மகன் வந்து சேர்ந்தாலும், இந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். வெள்ளிக்கிழமை அது லேசாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் யுத்தத்தில் இருக்கிறவர்களுக்காக ஜெபம் பண்ணும்போது, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை நகர்ந்து உட்கார்ந்தார். என் கையில் சம்பங்கி வாசம் இருந்தது எனக்குத் தெரியவில்லை. அவர் என்னை விட்டு விலகுகிறார் என்றுதான் நினைத்தேன்.

கருப்பட்டிக் காப்பி

திங்கட்கிழமை காலை, கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். கருப்பட்டிக் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு தெருப்பக்க அறைக்குப் போனேன். அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, எம்மேல ஏதும் வருத்தமா?"

அவர் திரும்பிப் பார்த்தார். நான் கேட்டது அவருக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"உம்மேல எனக்கு என்ன வருத்தம் தாயி" என்றார். காப்பியை வாங்கித் தரையில் வைத்தார். பிறகு, "அந்தப் பூவு" என்றார்.

"எந்தப் பூவு?"

"அவுக, சீலனோட அப்பா, மலைக்காட்டுப் பக்கம் ஒரு ஊருல சபைக்கு உபதேசியா இருந்தாக. காச்சல்ல போயிட்டாக. பெட்டியை மாட்டு வண்டியில வச்சுப் பெரியகுளத்துக்குக் கொண்டாந்தோம். அந்தூரு சனம் பெட்டி மேல பூராவும் சம்பங்கியைப் போட்டுருந்துச்சு. வழி நெடுக அந்த வாசம். சீலன் எம் மடியில உக்காந்திருந்தான். பசிக்குதுன்னு அழுதுக்கிட்டே வந்தான். வண்டியை நிறுத்தி ஏதும் வாங்கிக் குடுக்கக்கூட எனக்குத் தோணலை."

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"இப்ப அவனையும் காணோம். வீடு பூராவும் அதே வாசம். மூடிக்கிட்டுப் படுத்தாலும் வருது. உங்கிட்ட எப்படிச் சொல்றது? கல்யாணத்துக்குன்னு ஆசையா வாங்கி வச்சிருக்க."

அவர் அழவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பேசும்போதும் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பதை விடவில்லை. நானும் அந்த வாரம் பூராவும் அதே தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு ஜன்னலிலிருந்து.

எழுந்து கொல்லைக்குப் போனேன். வாளியைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் சேலையில் தளும்பத் தளும்ப, பள்ளி வளாகத்துக்கு நடந்தேன். துரைசானி அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு என்று கொடுத்துவிட்டு வெறும் வாளியோடு திரும்பினேன்.

எஸ்தர் அக்கா வாசலிலேயே நின்றாள். "நாளைக்கு அவரு வந்தா எதைப் பிடிச்சுக்கிட்டுப் போவ?"

"வெறுங்கையோட போறேன்."

"வெறுங்கையோட எந்தப் பொண்ணு சர்ச்சுக்குள்ள போயிருக்கா?"

வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கொல்லையைக் கழுவிவிட்டேன். கல்லிடுக்கில் கிடந்த இதழ்களைக்கூடப் பொறுக்கினேன். அன்று மத்தியானம் அத்தை வயிறாரச் சாப்பிட்டார். அம்மா என்னைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை

கடைசி நாள். காலை வண்டி வரவில்லை. உச்சிப்பொழுதுக்கு அப்பா வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். வண்டி மதுரைக்குச் சற்று முன்னால் சமயநல்லூரில் நிற்கிறதாம். முன்னால் பட்டாளத்துச் சரக்கு வண்டிகள் நிற்பதால் எப்போது விடுவார்கள் என்று தெரியாதாம். அந்த வண்டியில் ஜெயசீலன் இருக்கிறாரா என்பதும் தெரியாது.

"நான் சமயநல்லூருக்கே போறேன்" என்று அப்பா வந்த காலோடு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸுக்குப் பின்னால் பெரிய அடுப்பு மாதிரி ஒன்றைக் கட்டி, கரியை எரித்து அந்தப் புகையில் ஓட்டுவார்கள். மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். அப்படி ஒரு பஸ் சமயநல்லூருக்குப் போகும்போது, அதே மாதிரி இன்னொரு பஸ் எதிர்ப்பக்கம் மதுரைக்கு வந்துகொண்டிருந்தது. அதில் ஜெயசீலன் இருந்தார். ரயில் நகராது என்று தெரிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்து, ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி ஏறியிருக்கிறார். அப்பாவும் அவரும் வழியில் ஒருவரை ஒருவர் பார்க்காமலே கடந்து போனார்கள்.

ஜன்னலிலிருந்து முதலில் பார்த்தது அத்தை. எழுந்து வாசலுக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். காக்கிச் சட்டை முழுக்கக் கரி. கன்னம் ஒட்டிப்போய், கழுத்து எலும்பு தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, முகமும் கையும் மஞ்சளாக இருந்தன.

அத்தை மகனின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "காமாலையாடா?"

"இல்லம்மா. மலேரியா வரக்கூடாதுன்னு ஒரு மாத்திரை குடுக்குறாக. அதைத் தின்னா மஞ்சளாகிரும். எங்க கூட்டமே இந்த நிறந்தான்."

நம்பலாமா வேண்டாமா என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. உண்மைதான் என்பது பிறகு தெரிந்தது. யுத்தம் முடிந்து அவர் முழுசாகத் திரும்பி வந்த பிறகும், அந்த மஞ்சள் போகச் சில மாதம் பிடித்தது.

போதகருக்கு ஆள் போனது. எஸ்தர் அக்கா எனக்குச் சேலை கட்டத் தொடங்கினாள். கட்டிக்கொண்டே, "பூ?" என்றாள்.

அத்தை அறை வாசலில் நின்றிருந்தார். "என்ன பூ வேணும்னு சொல்லு தாயி. நானும் சம்பந்தியும் போய் வாங்கிட்டு வாரோம்."

அருவி, செண்டு, கை நிறையக் காம்பு என்று எதுவும் என் மனதில் வரவில்லை. "மஞ்சளா எதுனாலும் சரி அத்தை. வெள்ளை வேணாம்."

அம்மாவும் அவரும் கோயிலைச் சுற்றியிருந்த பூக்கடைகளுக்குக் குதிரை ஜட்காவில் போனார்கள். அந்நேரத்தில் கடைகளில் பெரும்பாலும் காலி. செவ்வந்தியும் மருக்கொழுந்தும்தான் இருந்தன. கடைக்காரர் அவருக்குத் தெரிந்த ஒரே மாதிரியில், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கட்டுகிற செண்டாக, வாழை நாரால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். கையில் வாங்கினால் தேங்காய் மாதிரி கனம். பத்திரிகையில் இரண்டாவதாக இருந்த பெண்ணை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கடைசியில் அவள் மாதிரிதான் ஆனேன்.

அதில் ஒரு நன்மை இருந்தது. சர்ச்சுக்குள் நடக்கும்போது என் கை நடுங்கியது. அருவியாக இருந்திருந்தால் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். செண்டு அசையவே இல்லை.

பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம்தான். சொல்லியனுப்ப முடிந்தவர்கள் மட்டும் வந்திருந்தார்கள். ஆர்மோனியம் வாசிக்கிறவர் ஊரில் இல்லாததால் எஸ்தர் அக்காவே வாசிக்க உட்கார்ந்துவிட்டாள். அப்பா பாட்டுக்கு நடுவில் மூச்சு வாங்க உள்ளே நுழைந்தார். அத்தை கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். கிறிஸ்தவர்களிலும் அப்போது கணவரை இழந்தவர்கள் மணமக்கள் பக்கம் வரத் தயங்குவார்கள். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. முன்னால் வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

"வலது கைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார் போதகர்.

என் இரண்டு கையிலும் செண்டு. அதை வாங்கிக்கொள்ள வேண்டிய அக்கா ஆர்மோனியத்தில். அம்மா எழுந்திருக்கப் போனாள். நான் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தேன்.

"அத்தை, பிடிங்க" என்றேன்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. யாரோ முணுமுணுத்தார்கள். அத்தை எழுந்திருக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் நான் பார்த்த அதே தெருவை என்னோடு சேர்ந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். வேறு யார் கையில் கொடுக்க எனக்கு மனம் வரும்? நீட்டிய கையை மடக்காமல் நின்றேன். போதகரும் புத்தகத்தில் விரலை வைத்தபடி நின்றார். அத்தை எழுந்தார். அத்தனை பேரும் பார்க்க, வெள்ளைச் சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அந்த நீள நடையை மெதுவாக நடந்து வந்து செண்டை வாங்கினார். திரும்பிப் போகவில்லை. மகனுக்குப் பக்கத்தில், தாலி கட்டி முடியும்வரை, நெஞ்சோடு அதை அணைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வரும்போதும் செண்டு அவர் மடியில்தான் இருந்தது. நான் கேட்கவில்லை. அவரும் கொடுக்கவில்லை. ஜட்காவிலிருந்து இறங்கியதும் அம்மா கை நீட்டினாள்.

"குடுங்க சம்பந்தி. தண்ணியில போட்டு வைக்கிறேன், வாடிரும்."

அத்தை முற்றத்தில் காலைக் கழுவிக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார்.

"வாடட்டும்" என்றார். "அதான் அவன் வந்துட்டான்ல."